ஜெக் மாற்ற அண்ணாவைத் தேட வேண்டுமா?

நல்லதண்ணியில் உந்துவப் போயாவில் தொடங்கி வெசாக் போயா வரையில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. சிவனொளிபாதமலை ஏறுகிறவர்கள் இரவென்றும் பகலென்றும் பாராமல் வந்து இறங்குவார்கள். அறிவித்தலும் பாட்டும் மலையில் மோதித் திரும்பி வரும். வெசாக் முடிந்ததும் கூட்டம் கலையும், மழை வந்து குடியேறும். அதன் பிறகு அரிசியிலும் ஈரம், தீப்பெட்டியிலும் ஈரம், மடித்து வைத்த சேலையிலும் ஈரம். அதே ஈரம் கோயில் மைக் செட்டுக்குள்ளும், தேவாலயத்து மூலையில் துணி போர்த்தி வைத்த பழைய கிட்டார் அம்பிளிபயருக்குள்ளும் போகும் என்பதை நாம் நினைப்பதில்லை. அடுத்த விசேஷத்துக்கு எடுத்துப் பொருத்தும்போதுதான் தெரியும். 'கர்ர்' என்று இரையும். பிளக்கைத் திருகிப் பிடித்தால் பாட்டு வரும், கையை விட்டால் போய்விடும்.

இப்படி இரைகிற பெட்டிகள் பலவற்றில் பழுது உள்ளே ஆழத்தில் எங்கும் இருக்காது. கிட்டார் வயரைச் சொருகுகிற வாயிலேயே இருக்கும். அந்த வாயைத்தான் 'இன்புட் ஜெக்' என்கிறார்கள். ஏழெட்டு இடத்தில் ஈயம் வைத்தால் முடிகிற வேலை. ஆனால் அந்த ஜெக்கை வாங்க நம் வீட்டுப் பெண்பிள்ளை கடைக்குப் போனால் முதலில் என்ன கேட்பார்கள்? "வீட்டில அண்ணா இல்லையா தங்கச்சி? அவர வரச் சொல்லுங்க, விளங்கப்படுத்தி அனுப்புறேன்." கடைக்காரர் கெட்ட மனிதரல்லர். இது ஆம்பிளை வேலை என்று அவருக்கும் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது, தோழியரே.

கிட்டார் வயரின் நுனியில் இருக்கும் கால் அங்குலப் பிளக், அதாவது 6.35 மில்லிமீற்றர் பிளக், பாட்டுக்காகப் பிறந்ததே அல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொலைபேசி நிலையங்களில் இருந்து வந்தது அது. ஒருவர் மற்றவரோடு பேச வேண்டுமானால், நிலையத்தில் பலகைக்கு முன்னால் இருப்பவர் ஒரு வயரை எடுத்து உரிய ஜெக்கில் சொருகிவிட வேண்டும். அமெரிக்காவில் முதலில் இந்த வேலைக்குப் பையன்களைத்தான் வைத்தார்கள். அவர்கள் அழைப்பவர்களிடம் மரியாதையில்லாமல் பேசி, குறும்பும் விளையாட்டுமாக இருந்ததால் கம்பனிக்குப் பெருந்தலைவலி. 1878 செப்டெம்பர் 1ஆம் திகதி பொஸ்டன் நகரில் எம்மா நட் என்ற பெண் அந்தப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார். உலகின் முதல் பெண் தொலைபேசி இயக்குநர் அவர்தான். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அந்தப் பிளக்கும் ஜெக்கும் பெரும்பாலும் பெண்களின் கையில்தான் இருந்தன.

அம்பிளிபயருக்கு வருவோம். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் என்பவர் 1946இல் தன் பெயரில் கம்பனி தொடங்கினார். 1965 ஜனவரியில் அதை சி.பி.எஸ். நிறுவனம் 13 மில்லியன் டொலருக்கு வாங்கியது. இடைப்பட்ட காலத்தில் அங்கே செய்த வால்வு அம்பிளிபயர்களை இன்றைக்கு உலகமெங்கும் உள்ள கிட்டார்காரர்கள் பொக்கிஷம் போல வைத்திருக்கிறார்கள். அவற்றின் உள்ளே வயர் இணைத்து ஈயம் வைத்தவர்கள் யார்? பெரும்பாலும் பெண்கள், அவர்களில் நிறையப் பேர் மெக்சிக்கோ வழி வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 1950களின் பெட்டிகளைத் திறந்தால் உள்ளே சிறு காகித டேப் துண்டொன்று ஒட்டியிருப்பதைக் காணலாம். அதில் வேலை செய்தவரின் பெயர் கையெழுத்தில் இருக்கும். 'லிலி' என்ற பெயர் அப்படிப் பிரபலமானது. விளம்பரத்தில் வராத பெயர், மேடையில் வராத பெயர், இன்றைக்குப் பழைய பெட்டி வாங்குகிறவர்கள் விளக்குப் பிடித்துத் தேடுகிற பெயராகிவிட்டது. அதே தொழிற்சாலையில் 1956இல் சேர்ந்த அபிகெயில் இபாரா என்ற பெண், கிட்டாரின் காந்தச் சுருள்களைச் சுற்றுவதில் பேர் பெற்று, 2013இல்தான் ஓய்வு பெற்றார்.

பெண்களின் விரல் நுண்மையானது என்று புகழ்ந்துதான் இப்படிப்பட்ட வேலைகளுக்கு எடுப்பார்கள். அந்தப் புகழ்ச்சியை நமக்குத் தெரியாதா? கொழுந்து பறிக்கவும் அதே புகழ்ச்சி. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தபோதும் அதே புகழ்ச்சி. விரலைப் புகழ்ந்தவர்கள் சம்பளத்தை எப்படிக் கொடுத்தார்கள் என்பது வேறு கதை. என்னைக் கேட்டால், நல்ல ஈயவேலை பிறவிக் குணத்தால் வருவதில்லை. நூறு முறை வைத்தால் நூற்றியோராவது முறை சரியாக வரும், அவ்வளவுதான்.

எமது நாட்டிலும் இந்தப் பெட்டிகளுக்கு ஒரு காலம் இருந்தது. அனெஸ்லி மாலேவனவும் க்ளெரன்ஸ் விஜேவர்தனவும் 1966இல் தொடங்கிய மூன்ஸ்டோன்ஸ் குழு சிங்களப் பாட்டுக்குள் மின்கிட்டாரைக் கொண்டுவந்தது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழில் பொப் இசை பாடினார்கள். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. உதிரிப்பாகம் கிடைக்காத நாட்களில் ரேடியோ பாஸ்மார் கையில் கிடைத்ததை வைத்துத்தான் திருத்த வேண்டியிருந்தது. ஆகவே இங்கே ஒரு பழைய பெட்டியைத் திறக்கிறவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: வரைபடத்தில் இருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்றாக இருக்கலாம்.

இனி அந்த ஜெக் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஃபெண்டர் பெட்டிகளின் வழக்கமான முறையையே சொல்கிறேன். லண்டன் ஹன்வெல்லில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962இல் ஃபெண்டரின் பேஸ்மன் என்ற பெட்டியைப் பார்த்துத்தான் தன் முதல் அம்பிளிபயரைச் செய்வித்தார். ஆகவே அந்த வழியில் வந்த பெட்டிகளிலும் ஏறக்குறைய இதுவே இருக்கும்.

ஒரு வழிக்கு இரண்டு துவாரம் இருக்கும், 1 என்றும் 2 என்றும். ஒவ்வொரு ஜெக்கிலும் வளைந்த தகடு ஒன்று பிளக்கின் நுனியைத் தொடும். பாட்டு வருவது அதன் வழியாக. ஜெக்கின் சட்டம் பிளக்கின் உடலைத் தொடும், அது எர்த். இவை தவிர மூன்றாவதாக ஒரு சின்னத் தகடு உண்டு. பிளக் இல்லாத நேரத்தில் அது நுனித் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பிளக் உள்ளே போனதும் விலகிவிடும். வாசற்கதவுத் தாழ்ப்பாள் மாதிரி ஒரு சுவிட்ச். சூட்சுமம் எல்லாம் இந்தச் சின்னத் தகட்டில்தான்.

1ஆம் ஜெக்கின் சின்னத் தகடு எர்த்தோடு இணைந்திருக்கும். 2ஆம் ஜெக்கின் சின்னத் தகடு 1ஆம் ஜெக்கின் நுனியோடு இணைந்திருக்கும். இரண்டு நுனியிலிருந்தும் தலா 68 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வால்வுக்குப் போகும். 1ஆம் ஜெக்கின் நுனிக்கும் எர்த்துக்கும் இடையில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று. மொத்தம் மூன்றே ரெசிஸ்டர். 68 கிலோவுக்கு நிற வளையம் நீலம், சாம்பல், செம்மஞ்சள். 1 மெகாவுக்கு மண்ணிறம், கறுப்பு, பச்சை.

ஒன்றும் சொருகாதபோது இரண்டு நுனியும் எர்த்தோடு சேர்ந்துவிடும், பெட்டி அமைதியாக இருக்கும். கிட்டாரை 1இல் சொருகினால் எர்த் விலகும். 2ஆம் ஜெக்கின் தகடு வழியாகவும் பாட்டு போகும். இரண்டு 68 கிலோவும் பக்கம் பக்கமாக நின்று 34 கிலோவாகிவிடும். முழுச் சத்தம் வரும். 2இல் மட்டும் சொருகினால் 1ஆம் ஜெக் இன்னும் எர்த்தில்தான் இருக்கும். ஒரு 68 கிலோ வழியாக வந்த பாட்டில் பாதி, மற்ற 68 கிலோ வழியாக எர்த்துக்கு இறங்கிவிடும். அதனால் 2இல் சத்தம் பாதி. பலர் இதைப் பழுது என்று நினைத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாஸிடம் போகிறார்கள். அது அப்படித்தான் செய்யப்பட்டது!

உண்மையான பழுதை இதே அறிவால் பிடிக்கலாம். ஒன்றும் சொருகாமல் இருக்கும்போது இரைந்து, வயரைச் சொருகினால் அடங்குகிறதா? 1ஆம் ஜெக்கின் சின்னத் தகட்டில் களிம்பு ஏறி, எர்த்தைத் தொடவில்லை. சொருகியும் ஒரு சத்தமும் இல்லையா? அதே தகடு விலக மறுத்துப் பாட்டை எர்த்துக்கு அனுப்புகிறதா என்று பாருங்கள். திருகினால் வருகிறது, விட்டால் போகிறது என்றால் நுனித் தகடு தளர்ந்திருக்கும், அல்லது ஈயம் வெடித்திருக்கும். எதற்கும் முதலில் வேறொரு கிட்டார் வயரைச் சொருகிப் பாருங்கள். பழி பெட்டிக்கு, பழுது வயருக்கு என்பது அடிக்கடி நடப்பது.

வேலைக்குப் போகும் முன் உயிரைப் பற்றிய ஒரு விஷயம். பாட்டில் வரும் இரைச்சலைவிட இதுதான் முக்கியம்.

மின்கிட்டாரின் கம்பிகள் வழக்கமாகப் பிளக்கின் உடலோடு இணைந்திருக்கும். பிளக்கின் உடல் ஜெக்கின் சட்டத்தோடு, சட்டம் பெட்டியின் உள்ளே இருக்கும் இரும்புத் தட்டோடு, அதாவது சேசியோடு. சேசி எர்த்தில் சேர்ந்திருந்தால் வாசிக்கிறவருக்குப் பாதுகாப்பு. எர்த் இல்லாமல், உள்ளே ஒரு வயர் தேய்ந்து சேசியில் பட்டுவிட்டால், கிட்டார் கம்பியிலேயே கரண்ட் நிற்கும். 1972 மே 3ஆம் திகதி வேல்ஸின் சுவான்சி நகர மேடையில், ஸ்டோன் த குரோஸ் என்ற குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, கிட்டாரைப் பிடித்தபடியே எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு, பார்த்திருந்தவர்கள் முன்னிலையில் இறந்தார். 1976 மே மாதத்தில் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப், வீட்டில் கிட்டார் வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார். கருவி இருந்த நாட்டில், தெரிந்தவர்களுக்கே இந்த நிலை. மழையில் நனைந்த காலோடு சீமெந்துத் தரையில் நிற்கும் நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

பழைய பெட்டிகளில் இரண்டு முனை வயர்தான் இருக்கும். நம் வீடுகளில் எர்த் துவாரத்தில் ஒரு குச்சியை வைத்துத் திறந்து இரண்டு முனைப் பிளக்கைத் திணிப்பதும் நடக்கிறது. கூடவே கூடாது. தகுதியுள்ள மின் திருத்துநரைக் கொண்டு மூன்று இழை வயர் போட்டு, பச்சை இழையைச் சேசியில் தனியாக முறுக்கிக்கொள்ளுங்கள். மெயின் வயருக்கும் சேசிக்கும் இடையே பழைய கப்பாசிற்றர் ஒன்று இருந்தால் அதையும் அவரே கழற்றட்டும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். இரைச்சல் போவதற்காக எர்த் வயரை வெட்டிவிடச் சொல்லும் பாஸ் யாராவது இருந்தால் அவரை நம்பாதீர்கள். அமெரிக்கப் பெட்டியாக இருந்தால் 117 வோல்ட்டுக்குச் செய்ததா என்றும் பின்பலகையில் பார்க்க வேண்டும்; நம் நாட்டு 230 வோல்ட்டில் நேரடியாகச் சொருகினால் கதை முடிந்தது.

இன்னொரு ஆபத்து உள்ளே ஒளிந்திருக்கிறது. வால்வுப் பெட்டியின் பெரிய கப்பாசிற்றர்களில் 300, 400 வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது உள்ளேயே நிற்கலாம். சுவரிலிருந்து கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு, ரெசிஸ்டர் இணைத்த வயரால் அதை வடித்து, மீட்டரை வைத்து 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைக் கண்ணால் கண்ட பிறகே கை வைக்க வேண்டும். ஒரு கை எப்போதும் முதுகுக்குப் பின்னால். இதைப் படித்து மட்டும் செய்யாதீர்கள். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து ஒரு முறையாவது செய்து காட்டட்டும்.

அதனால் பழகத் தொடங்க வேண்டிய இடம் அம்பிளிபயர் இல்லை. முதலில் அறுந்த கிட்டார் வயருக்குப் பிளக் போடுங்கள். அடுத்து கிட்டாரின் உடம்பில் இருக்கும் ஜெக். இரண்டையும் கழற்றி மேசையில் வைத்துச் செய்யலாம், பயப்பட ஒன்றுமில்லை. ஒரு பத்து முறை வைத்து, ஈயம் மினுமினுவென்று படர்ந்து பிடிக்கும் பக்குவம் கைக்கு வந்ததும் பெட்டிக்கு வரலாம்.

எல்லா ஜெக்கையும் மாற்றத்தான் வேண்டும் என்றில்லை. பல நேரம் சுத்தம் செய்தால் போதும். மின் தொடுமுனைக்கென்று விற்கும் ஸ்பிரேயைக் கொஞ்சம் அடித்து, பிளக்கை இருபது முறை சொருகி எடுங்கள். தகடுகளுக்கு இடையில் சுத்தமான கடுதாசித் துண்டொன்றை விட்டு இழுங்கள். பித்தளைச் செம்பு என்ற நினைப்பில் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். புளிப்பு உள்ளே தங்கி மேலும் அரிக்கும். மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் வேண்டாம். உப்புத்தாள் மேல் முலாமையே கொண்டுபோய்விடும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், ஒன்றைக் கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் எடுத்தாலும் ஒரு தாளிலும் கையால் வரையுங்கள். வரையும்போதுதான் எந்த வயர் எங்கே போகிறது என்பது மூளைக்குப் போகிறது. கடைக்கும் பழைய ஜெக்கையே கொண்டுபோய்க் காட்டுங்கள். அமெரிக்க ஜெக்குகளுக்கு இரும்புச் சட்டம் திறந்திருக்கும். முறுக்கினாலே சேசியோடு எர்த் சேர்ந்துவிடும். ஆங்கிலப் பெட்டிகளில் பலவற்றில் உடம்பு பிளாஸ்டிக். இரும்பை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக்கைப் போட்டால் எர்த்துக்கென்று தனி வயர் போட்டே ஆக வேண்டும். இதை மறந்தால் பெட்டி அலறும். எர்த் ஒரே இடத்தில் சேரட்டும். வால்வுக்குப் போகும் வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

பழைய ரெசிஸ்டர்களையும் மீட்டரில் பாருங்கள். அக்காலக் கரி ரெசிஸ்டர்கள் ஈரத்தை உறிஞ்சி அளவு கூடிவிடும். 68 கிலோ 90ஐத் தாண்டியிருந்தால் மூன்றையும் புதிதாகப் போடுவது மேல். நட்டை வெளியிலிருந்து முறுக்கும்போது ஜெக்கை உள்ளே ஒரு கையால் அசையாமல் பிடிக்க வேண்டும். பல்லு வாஷரைத் தூக்கி எறியாதீர்கள். அது இல்லாமல் போட்ட ஜெக் நாலு கச்சேரிக்குள் சுற்றத் தொடங்கும், வைத்த ஈயம் அத்தனையும் வெடிக்கும்.

ஈயத்தைப் பற்றி வீட்டுப் பெண்களாக நாம் கவனிக்க வேண்டியதும் உண்டு. ஈயக் கம்பியில் உள்ள ஈயம் கையில் ஒட்டி, கையிலிருந்து வாய்க்குப் போவதுதான் ஆபத்து. குசினி மேசையில் இந்த வேலை வேண்டாம். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் இருக்க வேண்டாம். எழும்பும் புகை ரோசின் பிசினின் புகை. அது மூச்சுக்கு ஆகாது, இழைப்பு உள்ளவர்களுக்கு இன்னும் ஆகாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

முடித்ததும் கரண்ட் கொடுக்கும் முன்னரே மீட்டர் உண்மையைச் சொல்லிவிடும். ஒன்றும் சொருகாமல், 1இன் நுனிக்கும் சேசிக்கும் இடையில் அளந்தால் பூச்சியம் வர வேண்டும். 1இல் மட்டும் வெறும் வயரைச் சொருகி அதன் நுனியில் அளந்தால் ஏறக்குறைய 1 மெகா ஓம். 2இல் மட்டும் சொருகினால் 136 கிலோ ஓம், அதாவது இரண்டு 68. இந்த மூன்றும் சரியாக வந்தால் வயர் இணைப்பு சரி. ஒன்று பிசகினாலும் கரண்டைத் தொடாமல் படத்துக்குத் திரும்புங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வுப் பெட்டியை ஒருபோதும் போடக்கூடாது. உள்ளே டிரான்ஸ்போமர் எரிந்துவிடும். சத்தத்தைக் குறைத்து வைத்து அரை மணி நேரம் ஓடவிட்டு, மூடும் முன் ஒரு டேப் துண்டில் திகதியையும், மாற்றிய பாகங்களையும், உங்கள் பெயரையும் எழுதி உள்ளே ஒட்டிவிடுங்கள். அடுத்துத் திறப்பவருக்கு உதவும்.

பிறகு பெட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு பலகைக்கு மேல் வையுங்கள். மழை மாதங்களிலும் வாரம் ஒரு முறை அரை மணி நேரம் போட்டு எடுத்தால் வால்வின் சூட்டில் உள்ளே காய்ந்துவிடும். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். சூடு ஆறியதும் பழைய பருத்திச் சேலை ஒன்றைப் போர்த்தினால் போதும்.